லாஸ் ஏஞ்சலிஸ் ‘யோ-யோ’ வழக்கும் அமெரிக்கக் கார் விற்பனையாளர்களின் குழூஉக்குறியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2016 செப்டம்பரில், வணிக மோசடிகளிலிருந்து நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் சேஜ் ஆட்டோ குரூப் என்ற குழுமத்தின் கீழ் இயங்கிய ஒன்பது கார் விற்பனையகங்கள் மீது வழக்குத் தொடர்ந்தது. விளம்பரங்களில் கவர்ச்சியான தவணைகளைக் காட்டி உண்மையான நிபந்தனைகளை மறைத்தார்கள், வாடிக்கையாளர் கேட்காத கூடுதல் சேவைகளை ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள், தங்களைப் பற்றிய பாராட்டு மதிப்புரைகளைத் தங்கள் ஆட்களைக் கொண்டே எழுதவைத்தார்கள் என்று பல குற்றச்சாட்டுகள் அதில் இருந்தன. அந்த வழக்கைத் தனித்து நிற்கச் செய்தது வேறொன்று. கையெழுத்திட்டு, சாவி வாங்கி, வண்டியை வீட்டுக்கு ஓட்டிச் சென்றுவிட்ட வாடிக்கையாளரைச் சில நாள் கழித்துத் திரும்ப அழைத்து, முன்னைவிடக் கடுமையான நிபந்தனைகளோடு புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைக்கும் முறையைக் கமிஷன் முதன்முறையாக ஒரு கார் விற்பனையகத்தின் மீதான வழக்கில் எடுத்துக்கொண்டது. அந்த முறைக்கு ‘யோ-யோ’ என்று பெயர். கயிற்றில் கட்டிய விளையாட்டுச் சக்கரம் கையை விட்டு இறங்கித் திரும்பக் கைக்கே வருவதுபோல வண்டியும் திரும்பி வருகிறது என்பதே அதன் பொருள்.

ஒரு தொழிற்கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரிந்துகொள்ளப் பயன்படுத்தும் சொல்லைத் தமிழ் இலக்கணம் குழூஉக்குறி என்று வகைப்படுத்தி, பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. எதிரே நிற்பவருக்குப் புரியக் கூடாது என்பது அத்தகைய சொல்லின் முதல் தேவை. அமெரிக்கக் கார் விற்பனையகத்தின் குழூஉக்குறிகளை இந்த வழக்கை முன்வைத்துப் படித்தால் இன்னொரு செய்தியும் தெளிவாகிறது. ஒவ்வொரு சொல்லும் பணம் கைமாறும் ஓர் இடத்தைக் குறிக்கிறது. அந்தச் சொற்களை வரிசைப்படுத்தினால், வாடிக்கையாளரின் கவனம் மொத்த விலையிலிருந்து மாதத் தவணைக்குப் படிப்படியாக நகர்த்தப்படும் பாதை அப்படியே வெளிப்பட்டுவிடுகிறது. யோ-யோ அந்தப் பாதையின் கடைசிப் படி. அதை அறிய வேண்டுமானால் முதல் படியிலிருந்தே வர வேண்டும்.

வாசலில் நடக்கும் தரம்பிரிப்பு

விற்பனையகத்தின் வளாகத்துக்குள் காலடி வைப்பவர் ஓர் ‘அப்’. வரிசையில் அடுத்து நிற்கும் விற்பனையாளருக்கு அவர் உரியவர். யாருடைய முறை எப்போது என்பதை ‘அப் லிஸ்ட்’ தீர்மானிக்கிறது. வரிசையை மீறி மற்றவருடைய வாடிக்கையாளரைக் கவர்ந்துகொள்வது ‘ஸ்கேட்டிங்’. உள்வட்டத்தில் அதற்கு மன்னிப்புக் கிடையாது. வந்தவர் வண்டியை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவரானால் ‘டயர் கிக்கர்’, சொன்ன விலைக்கு மறுபேச்சின்றி ஒப்புக்கொள்பவரானால் ‘லே-டவுன்’, கடைசி டாலர் வரை விடாமல் பேரம் பேசுபவரானால் ‘கிரைண்டர்’. “யோசித்துவிட்டுத் திரும்ப வருகிறேன்” என்று சொல்லிப் புறப்படுபவர் ‘பீ-பேக்’. அப்படிச் சொன்னவர்கள் வருவதில்லை என்பது தொழிலின் அடிப்படை நம்பிக்கை. வந்தவரை அன்றே முடிக்காமல் அனுப்பக் கூடாது என்ற விதி அந்த நம்பிக்கையிலிருந்தே பிறக்கிறது. கடன் வரலாறு மோசமாக உள்ளவருக்கு ‘ரோச்’, அதாவது கரப்பான், என்று ஒரு பெயர் உண்டு. கடன் கிடைத்தால் போதும், விலை எதுவானாலும் சரி என்ற நிலையில் இருப்பவர் ‘கெட்-மீ-டன்’. கடன் வரலாறே இல்லாதவர் ‘கோஸ்ட்’, பேய்.

இவற்றைத் தொழிலாளர்களின் களைப்பு தீர்க்கும் கேலிப்பேச்சு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. வந்தவர் எந்த வகை என்று முதல் சில நிமிடங்களில் முடிவு செய்வது, அவரிடம் எந்த விலையில் பேச்சைத் தொடங்குவது என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ் சிகாகோ வட்டாரத்தின் விற்பனையகங்களில் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. ஒரே முறையில் பேரம் பேசப் பயிற்சி பெற்ற சோதனையாளர்களை அனுப்பியபோது, வெள்ளை ஆண்களுக்குச் சொல்லப்பட்ட இலாப அளவைவிட வெள்ளைப் பெண்களுக்கு 40 விழுக்காடு கூடுதலாகவும், கறுப்பின ஆண்களுக்கு இரு மடங்குக்கு மேலும், கறுப்பினப் பெண்களுக்கு மும்மடங்குக்கு மேலும் இலாபம் வைத்து விலை சொல்லப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் வழக்கிலும் நிதி நெருக்கடியில் இருந்தவர்களும் ஆங்கிலம் பேசாதவர்களும் குறிவைக்கப்பட்டதாகக் கமிஷன் கூறியது. ‘ரோச்’ என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்பதை அங்கே பார்க்கலாம்.

நான்கு கட்டம்

தரம் பிரித்தபின் மேசை. இங்குள்ள மையக் கருவி ‘ஃபோர் ஸ்கொயர்’ எனப்படும் ஒரு தாள். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடுகள் இழுத்து நான்கு கட்டங்கள்: வாடிக்கையாளர் மாற்றிக்கொடுக்கும் பழைய வண்டியின் மதிப்பு, புதிய வண்டியின் விலை, முன்பணம், மாதத் தவணை. விற்பனையாளர் தடித்த மார்க்கரால் எழுதுகிறார். எழுதும் தாளைத் தூக்கிக்கொண்டு ‘டவர்’ அல்லது ‘டெஸ்க்’ எனப்படும் மேலாளர் மேசைக்குப் போகிறார். பல விற்பனையகங்களில் அந்த மேசை தரையிலிருந்து சற்று உயர்த்தப்பட்டு, தளம் முழுவதையும் பார்க்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து வரும் முதல் எண்களுக்கு ‘ஃபர்ஸ்ட் பென்சில்’ என்று பெயர். வாடிக்கையாளர் திடுக்கிட்டுப் பின்வாங்கும் அளவுக்கு அது உயரமாகவே இருக்கும். அடுத்தடுத்த ‘பென்சில்’கள் தாழும்போது வென்றுவிட்டதாக அவருக்குத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு வைக்கப்படுகிறது.

இந்தக் கட்டத்தில் நடக்கும் ஒரு சிறு உரையாடலை அருகிலிருந்து பார்ப்பது தகும். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று விற்பனையாளர் கேட்கிறார். “400 டாலர்” என்கிறார் வந்தவர். விற்பனையாளர் தலையை நிமிர்த்தாமல் 400 என்று எழுதிக்கொண்டே “அதிகபட்சம்?” என்கிறார். வந்தவர் தன்னையறியாமல் “சரி, 430” என்கிறார். ஐந்தாண்டுக் கடனில் அந்த 30 டாலர் 1,800 டாலர். யாரும் விலையை உயர்த்தவில்லை; வாடிக்கையாளரே உயர்த்தினார். இப்படி ஏற்றிவிடுவதற்கு ‘பம்ப்’ என்று பெயர். விற்பனையாளரால் முடியாதபோது, முடித்துவைப்பதையே தொழிலாகக் கொண்ட ‘குளோசர்’ வந்து அமர்கிறார். வாடிக்கையாளரை இவ்வாறு கைமாற்றுவது ‘டி.ஓ.’, அதாவது ‘டர்ன் ஓவர்’. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரைச் சேர்ந்த ஹல்-டாப்ஸ் என்ற ஃபோர்டு விற்பனை நிறுவனமே இந்தக் கைமாற்று முறையை ஒழுங்குபடுத்தியது என்பது தொழிலுக்குள் வழங்கும் மரபு.

நான்கு கட்டங்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதுதான் இந்தத் தாளின் சூட்சுமம். பழைய வண்டிக்கு 1,000 டாலர் கூட்டிக் கொடுத்துவிட்டு, விலையில் தள்ளுபடியைக் குறைத்துக்கொள்ளலாம். தவணையைக் குறைத்துக் காட்டக் கடன் காலத்தை நீட்டலாம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 25,000 டாலர் கடனுக்கு 6 விழுக்காடு வட்டியில் 60 மாதங்களுக்கு மாதத் தவணை சுமார் 483 டாலர். மொத்தம் ஏறத்தாழ 29,000. அதே கடனை 8 விழுக்காட்டில் 72 மாதங்களுக்கு நீட்டினால் தவணை சுமார் 438 டாலராகக் குறைகிறது. மொத்தமோ 31,560 டாலருக்கு உயர்கிறது. தவணைக் கட்டத்தை மட்டும் பார்த்தவர் மாதம் 45 டாலர் மிச்சம் பிடித்ததாக நினைப்பார். உண்மையில் அவர் 2,560 டாலர் கூடுதலாகக் கட்டுகிறார். பழைய வண்டியின் மதிப்பைவிட அதன்மேல் உள்ள கடன் பெரிதாக இருந்தால் அவர் ‘அப்சைட் டவுன்’. அந்தப் பாக்கி புதிய கடனுக்குள் புதைக்கப்படும்போதும் தவணைக் கட்டமே அதை மறைக்கிறது.

இன்று பல இடங்களில் தாளும் மார்க்கரும் போய்க் கணினித் திரை வந்துவிட்டது. கட்டங்கள் மட்டும் மாறவில்லை.

பெட்டிக்குள்

விலை முடிந்து கைகுலுக்கியபின் வாடிக்கையாளர் தளர்ந்துவிடுகிறார்; பேரம் முடிந்துவிட்டது என்று நம்புகிறார். அந்த நேரத்தில் அவர் அழைத்துச் செல்லப்படும் நிதி, காப்பீட்டு அறைக்கு ‘பாக்ஸ்’ என்று பெயர். வண்டியின் விலையில் கிடைக்கும் இலாபம் ‘ஃபிரண்ட் எண்ட்’. இந்த அறையில் கிடைப்பது ‘பேக் எண்ட்’. புதிய வண்டிகளில் முன்னது மெலிந்துகொண்டே வந்ததால் பின்னதே பல விற்பனையகங்களைத் தாங்குகிறது.

பெட்டிக்குள் மூன்று வழிகளில் பணம் சேர்கிறது. முதலாவது ‘ரிசர்வ்’. கடன் கொடுக்கும் நிறுவனம் ஒரு வட்டியைக் குறிக்கிறது. விற்பனையகம் அதன்மேல் தன் பங்கைக் கூட்டி வாடிக்கையாளரிடம் சொல்கிறது. பெரும்பாலான கடன் நிறுவனங்கள் அந்தக் கூடுதலை 2 அல்லது 2.5 விழுக்காட்டுப் புள்ளிகளுக்குள் நிறுத்துகின்றன. மேற்சொன்ன 25,000 டாலர் கடனில் 6-ஐ 8 ஆக்கினால், 60 மாதங்களில் வாடிக்கையாளர் கூடுதலாகக் கட்டுவது சுமார் 1,415 டாலர். தன் கடன் தகுதிக்குக் கிடைத்த வட்டி 6 என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. இரண்டாவது, நீட்டிக்கப்பட்ட பழுதுக் காப்பு, திருட்டுத் தடுப்புப் பொறிப்பு, வண்ணப்பூச்சுப் பாதுகாப்பு போன்ற கூடுதல்கள். பூச்சு, துணிப் பாதுகாப்பு வகைகளை விற்பனையாளர்களே தங்களுக்குள் ‘மாப் அண்ட் குளோ’ என்று தரை மெழுகும் திரவத்தின் பெயரால் அழைக்கிறார்கள். தாங்கள் விற்கும் பொருளின் மதிப்பு என்ன என்று அவர்கள் அறிந்தே இருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மூன்றாவதே எல்லாவற்றிலும் நுட்பமானது. அதற்கு ‘லெக்’ என்று பெயர். சட்ட ஆவணங்களில் ‘பேமெண்ட் பேக்கிங்’. உண்மையான தவணை 483 டாலராக இருக்க, மேசையிலேயே 520 என்று சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுகிறார்கள். இடையில் உள்ள 37 டாலர்தான் ‘லெக்’. பெட்டிக்குள் வந்தபின் சுமார் 1,900 டாலர் மதிப்புள்ள கூடுதல்களை அந்த இடைவெளிக்குள் அடைத்துவிட்டு, “தவணை நீங்கள் ஒப்புக்கொண்டதே, ஒரு டாலரும் கூடவில்லை” என்று சொல்ல முடிகிறது. சொன்னது எழுத்தளவில் உண்மை. வாடிக்கையாளர் தன் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று அறியாமலே வெளியேறுகிறார். லாஸ் ஏஞ்சலிஸ் வழக்கில் ஒப்புதலின்றிச் சேர்க்கப்பட்ட கூடுதல்கள் பற்றிய குற்றச்சாட்டு இந்தப் படியைச் சேர்ந்தது.

சாவி கொடுத்தபின்

கடன் நிறுவனத்தின் ஒப்புதல் வரும்வரை காத்திருந்தால் வாடிக்கையாளர் ‘பீ-பேக்’ ஆகிவிடுவார். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, ஒப்புதலுக்கு முன்பே வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். இது ‘ஸ்பாட் டெலிவரி’. பழைய வண்டியை வாங்கி வைத்துக்கொண்டால் அவர் வேறெங்கும் போய் விலை கேட்க முடியாது; குதிரையைப் பறித்துவிட்டார்கள் என்ற பொருளில் அது ‘டி-ஹார்ஸ்’. விற்பனையகம் பின்னர் அந்த ஒப்பந்தத்தைக் கடன் நிறுவனத்துக்கு விற்க முயல்கிறது. ஊதியச் சான்று, முகவரிச் சான்று முதலிய ‘ஸ்டிப்ஸ்’ கேட்கப்படுகின்றன. எந்த நிறுவனமும் அந்த நிபந்தனையில் வாங்க முன்வராவிட்டால் ஒப்பந்தம் அவிழ்க்கப்பட வேண்டும், அது ‘அன்வைண்ட்’.

ஸ்பாட் டெலிவரி தன்னளவில் சட்ட விரோதமானதன்று. கலிபோர்னியச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தைக் கடன் நிறுவனத்துக்கு மாற்ற முடியாத விற்பனையகம் 10 நாட்களுக்குள் அதை இரத்துச் செய்யலாம். அப்போது முன்பணத்தையும் பழைய வண்டியையும் திருப்பித் தர வேண்டும், வாடிக்கையாளர் புதிய வண்டியைத் திருப்பித் தர வேண்டும். இருவரும் தொடங்கிய இடத்துக்கே திரும்புவதுதான் ‘அன்வைண்ட்’. வாடிக்கையாளரைத் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப விடாமல், அவர் கையில் இருக்கும் வண்டியையும் அவரிடம் இப்போது இல்லாத பழைய வண்டியையும் பிணையாக வைத்துப் புதிய நிபந்தனைக்கு இணங்க வைப்பது ‘யோ-யோ’. கமிஷனின் குற்றச்சாட்டு துல்லியமாக இந்த வேறுபாட்டைத் தொட்டது. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டே ஆக வேண்டும் என்று பொய்யாகச் சொன்னார்கள், முன்பணமோ பழைய வண்டியோ திரும்பக் கிடைக்காது என்றார்கள், மறுத்தவர்களை அச்சுறுத்தினார்கள் என்பது அதன் சாரம்.

அந்த நிலையில் உள்ள ஒருவரை எண்ணிப் பார்க்க வேண்டும். புதிய வண்டியை அண்டைவீட்டார் பார்த்துவிட்டார்கள். அதில்தான் வேலைக்குப் போகிறார். பழைய வண்டி விற்கப்பட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். மாதம் 60 டாலர் கூடுதல் என்றால் அவர் கட்டிவிடுவார். பேரத்தின் முதல் நிமிடத்திலிருந்து அவரைப் பழக்கப்படுத்தியது மாதத் தவணையில் மட்டும் சிந்திக்கத்தான்.

விசாரணை முழுமையாக நடந்து தீர்ப்பு வருமுன், 2017 மார்ச்சில் 36 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு வழக்கு சமரசத்தில் முடிந்தது. வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கான தொகை அது. அதே வகை முறைகளுக்குத் தடையும் சமரசத்தில் அடங்கியது.

விற்பனையாளரும் அதே வலைக்குள்

இந்த மொழியைப் பேசுபவர்களை மட்டும் குற்றவாளிகளாக்கிவிட்டு நகர்வது நேர்மையாகாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ‘கிரீன் பீ’. பலர் சில மாதங்களிலேயே வெளியேறிவிடுகிறார்கள். ஊதியத்தின் பெரும்பகுதி ஃபிரண்ட் எண்ட் இலாபத்தில் ஒரு பங்கு. அந்த இலாபத்தைக் கணக்கிடும்போது வண்டியின் அடக்கவிலையில் நிறுவனம் தன் விருப்பப்படி ஒரு தொகையைக் கூட்டிவைக்கிறது. அதற்குப் பெயர் ‘பேக்’. வண்டி விற்றபின் உற்பத்தியாளர் விற்பனையகத்துக்குத் திருப்பித் தரும் ‘ஹோல்ட்பேக்’ பொதுவாகக் குறித்த விலையில் 2 முதல் 3 விழுக்காடு வரை வரும். விற்பனையாளரின் பங்கைக் கணக்கிடும்போது அதுவும் பெரும்பாலும் சேர்வதில்லை. அடக்கவிலைக்கே விற்றதாகத் தாள் காட்டும்போது விற்பனையாளருக்குக் கிடைப்பது ‘மினி’ எனப்படும் மிகச் சிறிய நிலைத்தொகை. நாள் முழுவதும் வெயிலில் நின்று, இரவு மூடும் நேரம் வரை ஒரு குடும்பத்தோடு பேசி, ஒரு மினியோடு வீடு திரும்புபவர்தான் அடுத்த நாள் வருபவரை ‘லே-டவுன்’ ஆக்கத் துடிக்கிறார். வாடிக்கையாளரிடம் விலையை மறைக்கும் அதே சொற்கள் தொழிலாளரிடமும் இலாபத்தை மறைக்கின்றன என்பதை இந்த ஆய்வில் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

சட்டம் வந்து சேர்ந்த இடங்கள்

ஒவ்வொரு சொல் குறிக்கும் இடத்துக்கும் சட்டம் தாமதமாகவே வந்திருக்கிறது. 1950-களில் விலையை ஊதிக் காட்டிப் பழைய வண்டிக்குத் தாராளமாகக் கொடுப்பதுபோல நடிப்பது பரவலாக இருந்தது. ஓக்லஹோமாவின் செனட்டர் மைக் மன்ரோனி முன்னெடுத்த 1958-ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வண்டிகளின் கண்ணாடியில் உற்பத்தியாளர் குறித்த விலையை ஒட்ட வைத்தது; தொழிலில் அந்த ஒட்டியின் பெயரே ‘மன்ரோனி’. விலை வெளிச்சத்துக்கு வந்தபின் இலாபம் பெட்டிக்குள் இடம்பெயர்ந்தது. கலிபோர்னியா 2006 ஜூலை முதல் ரிசர்வை 60 மாதம் வரையான கடனுக்கு 2.5, அதற்கு மேற்பட்டதற்கு 2 விழுக்காட்டுப் புள்ளிகளாக வரையறுத்ததோடு, கூடுதல்கள் உள்ள தவணையையும் இல்லாத தவணையையும் தனித்தனியே காட்டவும் விதித்தது. லெக்குக்கு எதிரான நேரடி விதி அது. 2013 டிசம்பரில் ஆலி என்ற கடன் நிறுவனம், ரிசர்வ் முறையால் சிறுபான்மையினர் கூடுதல் வட்டி கட்ட நேர்ந்ததாகக் கூறிய அரசின் நடவடிக்கையில் 9.8 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. 2022 ஏப்ரலில் நேப்பிள்டன் என்ற கார் விற்பனைக் குழுமம் 1 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. கேட்காத கூடுதல்களோடு, கறுப்பின வாடிக்கையாளர்கள் சராசரியாக 190 டாலர் கூடுதல் வட்டி கட்டினார்கள் என்பதும் அங்கே குற்றச்சாட்டு.

கமிஷன் 2023 டிசம்பரில் நாடு முழுமைக்குமாகக் கொண்டுவந்த கார்ஸ் விதி, அரசுக் கட்டணங்கள் நீங்கலான முழு விலையை முதலிலேயே சொல்ல வேண்டும், தெளிவான ஒப்புதலின்றி எதற்கும் பணம் வாங்கக் கூடாது என்றது. விற்பனையாளர் சங்கங்கள் எதிர்த்து வழக்காட, 2025 ஜனவரியில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நடைமுறைக் குறையின் பேரில் இரத்து செய்தது. விதியின் உள்ளடக்கம் தவறென்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை என்பதை விற்பனையக வட்டாரங்கள் வசதியாக விட்டுவிடுகின்றன. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா தன் மாநிலத்துக்கென அதே பெயரில் ஒரு சட்டத்தை இயற்றியது.

அமெரிக்காவுக்கு வேலைக்காகப் புதிதாக வரும் தமிழர்கள் பெரும்பாலும் ‘கோஸ்ட்’ என்ற வகையில்தான் விற்பனையகத்துக்குள் நுழைகிறார்கள். நல்ல ஊதியம் இருக்கும், கடன் வரலாறு இருக்காது. கிடைக்கும் கடனே பெரிது என்று அவர்கள் நம்பவைக்கப்படுவது எளிது. போகும் முன்பே கிரெடிட் யூனியன் எனப்படும், உறுப்பினர்களே நடத்தும் கடன் சங்கம் ஒன்றிடம் கடன் ஒப்புதல் கடிதம் பெற்றுச் சென்றால் ரிசர்வுக்கு ஓர் உச்சவரம்பு கையில் இருக்கும். வரிகளும் கட்டணங்களும் சேர்ந்த மொத்த விலையை எழுத்தில் கேட்டு வாங்கும்வரை மாதத் தவணை என்ற பேச்சையே எடுக்காமல் இருந்தால் நான்கு கட்டங்களில் மூன்று பயனற்றுப் போகும். கடன் இறுதியாக ஒப்புதல் பெற்றதா என்று கேட்டு, இல்லையென்றால் பழைய வண்டியை அங்கே விட்டுவராமல் திரும்பிவிடலாம். சில வகை விற்பனைகளை மூன்று நாளுக்குள் இரத்துச் செய்ய வாடிக்கையாளருக்குக் கமிஷனின் விதி தரும் உரிமை விற்பனையகத்தில் வாங்கிய காருக்குப் பொருந்தாது என்பதால், இந்தக் கேள்விகளைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டாக வேண்டும்.